அணை வண்டலுக்குள் வாயு இருக்கிறதா? ஒலி அலையும் நில அதிர்வு அலையும் கொண்டு கண்டறியும் முழு வழிகாட்டி

தென்பெண்ணை ஆறு கெலவரப்பள்ளி அணையைக் கடந்து கிருஷ்ணகிரி அணைக்கு வரும்போது மண்ணை மட்டும் கொண்டு வருவதில்லை. மேலே பெங்களூரு பக்கத்துக் கழிவுநீர், ஓசூர் சுற்றுவட்டாரச் சாக்கடை, வயல்களில் வழிந்த உரம், செத்து அழுகிய நீர்த்தாவரம் எல்லாம் கலந்தே வருகின்றன. இவை வண்டலோடு சேர்ந்து அடியில் படியும். பிராணவாயு எட்டாத சேற்றில் நுண்ணுயிர்கள் இவற்றைச் சிதைத்து மீத்தேன் ஆக்கும். தண்ணீரில் கரையும் அளவைத் தாண்டிய மீத்தேன் சேற்றுக்குள்ளேயே குமிழியாகத் தங்கிவிடும்.

வண்டல் அளக்க ஒலிக்கருவியோடு அணைக்குள் இறங்குபவருக்கு இந்தக் குமிழிதான் முதல் எதிரி. ஒலி அலை அதைத் தாண்டிக் கீழே போவதில்லை. திரையில் அடர்த்தியான ஒரு கோடு வரும், அதற்குக் கீழே எதுவும் தெரியாது. "பாறை வந்துவிட்டது" என்று அங்கேயே கோடு போட்டுவிட்டால், 6 மீட்டர் வண்டல் இருக்கும் இடத்தில் 80 சென்டிமீட்டர் என்று அறிக்கை போகும். தூர்வாரும் திட்டம் முதல் கொள்ளளவுக் கணக்கு வரை எல்லாம் அந்த எண்ணின்மேல்தான் நிற்கின்றன. ஆகவே ஒலி நின்ற இடம் எதுவாக இருந்தாலும், அது வாயுவா, பழைய தரையா, பாறையா என்று முடிவு கட்டிய பிறகே எண்ணை எழுத வேண்டும்.

முறை கடலிலிருந்து வந்தது. கடலடித் தரைக்குக் கீழே சுமார் 1000 மீட்டருக்குள் சிக்கியிருக்கும் வாயுவை எண்ணெய்த் துளையிடுவோர் ஆழமற்ற வாயு என்பார்கள். 1985 அக்டோபரில் நார்வே கடற்பகுதியில் வெஸ்ட் வான்கார்டு துளைமேடை இத்தகைய வாயுவைத் தொட்டு வெடித்தது. துளையிடும் முன் ஒலி, நில அதிர்வு ஆய்வு செய்வது கடலில் கட்டாய வழக்கம். நம் மேற்குக் கடற்கரையின் கரையோரச் சேற்றிலும் வாயு இருப்பது ஒலிப்பதிவுகளில் தெளிவாகத் தெரிந்ததுதான்.

கடலுக்கும் அணைக்கும் ஒரு வேறுபாடு முக்கியம். கடல்நீரில் சல்பேட் அதிகம். அது தீரும் ஆழத்துக்குக் கீழேதான் மீத்தேன் சேரத் தொடங்கும், அதனால் வாயுவின் மேல்மட்டம் பெரும்பாலும் தரைக்குச் சற்றுக் கீழேயே இருக்கும். நன்னீரில் சல்பேட் குறைவு. சேற்றின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழேயே குமிழி உருவாகிவிடலாம். அணையில் வாயு இருந்தால் அது கிட்டத்தட்ட முழு வண்டலையும் மறைத்துவிடும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

குமிழி ஒலியை என்ன செய்கிறது

30 டிகிரி நன்னீரில் ஒலி நொடிக்கு 1509 மீட்டர் ஓடும். வாயு இல்லாத ஈரச்சேற்றிலும் கிட்டத்தட்ட இதே வேகம்தான். அதே சேற்றில் கன அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவான வாயு கலந்தாலே, தாழ்ந்த அதிர்வெண்ணில் வேகம் சில நூறு மீட்டராகச் சரிந்துவிடும். சேற்றின் எடை மாறுவதில்லை, ஆனால் அது அமுங்கும் தன்மை பல மடங்கு கூடிவிடுகிறது.

ஒவ்வொரு குமிழிக்கும் தனக்கென ஓர் அதிர்வெண் உண்டு. 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நீர்மட்டத்தில் சுமார் 3.3 கிலோஹெர்ட்ஸிலும், 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 4.6 கிலோஹெர்ட்ஸிலும் அதிரும். சேற்றுக்குள் அது இன்னும் கொஞ்சம் கூடும். அடித்தரைக்குக் கீழுள்ள அடுக்குகளைக் காட்டும் ஒலிக்கருவிகளான சப்-பாட்டம் புரொஃபைலர்கள் வேலை செய்யும் 2 முதல் 16 கிலோஹெர்ட்ஸ் வரம்பும் இதுவேதான். அந்த ஒலியைக் குமிழி விழுங்கிச் சிதறடிக்கிறது. வண்டலை ஊடுருவிக் காட்டும் கருவியே வாயுவிடம் குருடாகிப் போவது இதனால்தான்.

முதல் படி: நீர்மட்டம் பார்த்து நாள் குறிப்பது

ஒரே இடத்தை இரண்டு முறை அளக்கத் திட்டமிடுங்கள்: அணை நிரம்பியிருக்கும்போது ஒன்று, கோடையில் மட்டம் இறங்கியபின் ஒன்று. இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள்.

கிருஷ்ணகிரி அணையின் முழு மட்டம் 52 அடி, ஏறத்தாழ 16 மீட்டர். 15 மீட்டர் தண்ணீருக்கு அடியில் மொத்த அழுத்தம் சுமார் 2.5 வளிமண்டலம். தண்ணீர் 5 மீட்டராக இறங்கினால் 1.5. அதே வாயு அப்போது மூன்றில் இரண்டு பங்கு அதிகமாக விரியும். கரைந்திருந்த வாயுவும் குமிழியாக வெளியேறும். ஆகவே வாயுவின் மேல்மட்டம் மேலேறும், பரப்பும் கூடும். பாறை நகராது, பழைய தரையும் நகராது. இரண்டு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், இடம் மாறிய கோடு எது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

நிரம்பிய அணையில் இன்னொரு வசதியும் உண்டு. ஒலி அடித்தரைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே இரண்டாம் முறை போய்வந்து தரும் மறு எதிரொலி, தண்ணீரின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு அடித்தரைக்குக் கீழே விழும். 12 மீட்டர் தண்ணீரில் 12 மீட்டர் வண்டல் வரை திரை சுத்தமாக இருக்கும். 4 மீட்டர் தண்ணீரில் 4 மீட்டருக்கு மேல் எதையும் நம்ப முடியாது.

மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பென்னாகரம் பக்கத்துக் கரையிலும் இதே திட்டம் பொருந்தும். 120 அடி அணை என்பதால் மட்டம் ஏறி இறங்கும் அளவு அங்கே இன்னும் பெரிது.

இரண்டாம் படி: படகும் கருவியும்

பரிசல் வேண்டாம். அது சுற்றும், சாயும். கருவி செங்குத்தாக நிற்காது. அடி தட்டையான 5 மீட்டர் ஃபைபர் படகு போதும். ஒலிக்கருவியைப் பக்கவாட்டுக் கம்பத்தில், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, எஞ்சினிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளிக் கட்டுங்கள். புரொப்பெல்லர் கிளப்பும் காற்றுக்குமிழி கருவியின் முகத்தில் பட்டால், சேற்றில் வாயு இருப்பது போலவே பதிவு மறைந்து போகும். திருப்பங்களில் மட்டும் மறைப்பு வருகிறதா என்று பார்த்தால் இது பிடிபட்டுவிடும்.

எடுத்துப் போக வேண்டியவை:

- ஒலியால் தண்ணீரின் ஆழத்தை அளக்கும் இரட்டை அதிர்வெண் எக்கோ சவுண்டர்: 200 கிலோஹெர்ட்ஸ் ஒன்று, 24 முதல் 38 வரையில் ஒன்று.
- சிர்ப் (அதிர்வெண் மாறிக்கொண்டே போகும் துடிப்பை அனுப்புவது) அல்லது பாராமெட்ரிக் (இரண்டு உயர் அதிர்வெண்களைக் கலந்து குறுகிய தாழ்வொலிக் கற்றையை உருவாக்குவது) சப்-பாட்டம் புரொஃபைலர். பாராமெட்ரிக் வகையின் கற்றை சுமார் 4 டிகிரிதான். 10 மீட்டர் ஆழத்தில் 70 சென்டிமீட்டர் வட்டத்தை மட்டும் பார்க்கும். ஆழம் குறைந்த அணைக்கு அதுவே முதல் தேர்வு.
- பூமரும் (தண்ணீரில் பலத்த ஒலித்துடிப்பை எழுப்பும் கருவி) அதன் ஹைட்ரோஃபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) வடமும். தாழ்ந்த அதிர்வெண் வேண்டும் என்றால் இது. மின்பொறியால் ஒலி எழுப்பும் ஸ்பார்க்கரைக் கொண்டு போகாதீர்கள். அது உப்புநீரின் மின்கடத்தலை நம்பி வேலை செய்வது, நன்னீரில் வலு கிடைக்காது.
- இடத்தைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் காட்டும் ஆர்டிகே ஜிபிஎஸ், ஒலிவேகம் அளக்கும் கருவி, படகின் ஆட்டத்தைப் பதியும் உணரி.

நீர்வளத் துறையின் அனுமதியோடு நிறுத்திவிடாமல், மீன்பிடி குத்தகைக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலை கட்டியிருக்கும் இடம் அவருக்குத்தான் தெரியும். தண்ணீரில் குமிழி எங்கே தொடர்ந்து வருகிறது என்பதும் பரிசல்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இடங்களை முதலிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கெலவரப்பள்ளி மதகுக்குக் கீழே பொங்கும் வெள்ளை நுரையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கழிவுநீரில் கலந்த சோப்புப் பொருளால் வருவது, அடிவண்டல் வாயுவுக்கு ஆதாரம் ஆகாது.

மூன்றாம் படி: அளவுத்திருத்தம்

கோடையில் மேல்நீர் 30 டிகிரி, அடிநீர் 25 டிகிரி என்றால் ஒலிவேகம் 1509-லிருந்து 1497-க்கு இறங்கும். 15 மீட்டரில் இதனால் 12 சென்டிமீட்டர் வரை பிழை வரும். காலையும் மதியமும் ஒலிவேகம் அளந்து, இரும்புத் தட்டை 2, 4, 6, 8 மீட்டரில் இறக்கிச் சரிபாருங்கள்.

அடுத்து அலையின் துருவம். ஒலிவேகமும் அடர்த்தியும் கூடும் எல்லையில் எதிரொலி ஒரு பக்கம் எழும், குறையும் எல்லையில் தலைகீழாகும். இதை உங்கள் கருவி எப்படிக் காட்டுகிறது என்று அறிய, கரையோரக் குன்றின் பாறை வெறுமையாகத் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தின்மேல் முதலில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். பாறையின் முதல் எதிரொலி எந்தப் பக்கம் எழுகிறதோ அதுதான் நேர்த்துருவம். இந்தப் பதிவைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒவ்வொரு முடிவும் இதோடுதான் ஒப்பிடப்படும்.

பல சிர்ப் கருவிகள் அலையின் வெளிவடிவத்தை மட்டும் சேமிக்கும் அமைப்போடு வருகின்றன. அப்படிச் சேமித்தால் துருவம் அழிந்துபோகும், மீட்க முடியாது. முழு அலைவடிவத்தையும் செக்-ஒய் (SEG-Y, நில அதிர்வுப் பதிவுக்கான பொதுக் கோப்பு வடிவம்) கோப்பில் சேமிக்கும்படி புறப்படும் முன்பே மாற்றுங்கள்.

நான்காம் படி: ஓட்டுவது

படகு ஓட வேண்டிய முதன்மைக் கோடுகளைப் பழைய ஆற்றுப்பள்ளத்துக்குக் குறுக்கே 25 முதல் 50 மீட்டர் இடைவெளியில் போடுங்கள். குறுக்குக் கோடுகள் 150 மீட்டருக்கு ஒன்று. படகின் வேகம் 4 நாட் (knot, கடல்மைல் வேகம்) அளவுக்கு மேல் வேண்டாம். அது நொடிக்கு 2 மீட்டர், நொடிக்கு 10 துடிப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு ஒரு பதிவு கிடைக்கும். ஆறு அணைக்குள் நுழையும் முகப்பில் நெருக்கமான கோடுகள் தேவை. அழுகும் தாவர, கழிவுப் பொருள் நிறைந்த வண்டல் முதலில் படிவது அங்கேதான்.

சந்தேகமான இடங்களில் எஞ்சினை அணைத்து, நங்கூரம் போட்டு, 200 கிலோஹெர்ட்ஸ் எக்கோ சவுண்டரை 10 நிமிடம் ஓட விடுங்கள். அடியிலிருந்து எழும் குமிழி திரையில் சாய்கோடாக மேலேறும். மில்லிமீட்டர் அளவுக் குமிழி நொடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் ஏறும், 10 மீட்டரைக் கடக்க முக்கால் நிமிடம் போல ஆகும். கோட்டின் சாய்வை அளந்தால் இந்த வேகம் வர வேண்டும். கட்லா, ரோகு, ஜிலேபியின் காற்றுப்பையும் பளிச்சென்று தெரியும். ஆனால் மீன் கிடைமட்டமாக நகரும், அல்லது கவிழ்த்த வளைவாக வந்து போகும், அடித்தரையில் வேர் கொண்டிருக்காது. படகு ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நிறுத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஐந்தாம் படி: பதிவைப் படிப்பது

கணினியில் முதலில் செய்யக்கூடாதது: தானியங்கி ஒலிப்பெருக்கம் போடுவது. அது வெறுமையான பகுதியை இரைச்சலால் நிரப்பி, வலுத்த எதிரொலியையும் மெலிந்ததையும் சமமாக்கிவிடும். வாயுவின் அடையாளமே வலுவும் வெறுமையும்தான். தூரத்தால் வரும் இழப்பை மட்டும் ஈடுசெய்து, தேவையான அதிர்வெண்ணை வடிகட்டி, அந்த நிலையிலேயே முதல் முறை பாருங்கள்.

தேட வேண்டிய அடையாளங்கள் இவை. அடுக்குகள் தெளிவாக ஓடிக்கொண்டிருந்து, ஓரிடத்தில் செங்குத்தாக வெட்டியதுபோல நின்று, கீழே கலங்கலான கருமையோ முழு வெறுமையோ வருவது. வெறுமையின் விளிம்பில் ஏதோ ஓர் அடுக்கு மட்டும் திடீரென்று பளிச்சிடுவது. விளிம்பை நெருங்கும் அடுக்குகள் கீழ்நோக்கி வளைவது. அடித்தரையில் சிறு குழிகள். தண்ணீருக்குள் எழும் குமிழித்தாரை. இவற்றில் ஒன்றே ஒன்றை வைத்து வாயு என்று எழுதாதீர்கள்.

எதிரொலியின் வலுவைக் கணக்கிட்டே பார்க்கலாம். வாயு இல்லாத சேறு: அடர்த்தி 1.40, வேகம் 1490, பெருக்கினால் 2086. வாயு உள்ள சேறு: 1.39 பெருக்கல் 400, அதாவது 556. இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் −0.58. சேற்றுக்குக் கீழே மணல் என்றால்: 1.90 பெருக்கல் 1650, அதாவது 3135. அதே கணக்கில் +0.20. வாயுவின் எதிரொலி மணலைப்போல மூன்று மடங்கு வலுவானது, தலைகீழானதும்கூட.

நம் பகுதி அணைகளில் குழப்பம் தருபவை மூன்று: வாயுவின் மேல்மட்டம், அணை கட்டும் முன்பிருந்த இறுகிய செம்மண் தரை, அதற்கும் கீழான பாறை. மூன்றுமே ஒலியை நிறுத்தும்.

பாறை என்றால் நேர்த்துருவம், கரடுமுரடான மேல்பரப்பு, முனைகளிலிருந்து கவிழ்த்த வளைவுகள், கரையில் தெரியும் பாறையோடு தொடர்ச்சி. பழைய தரை என்றால் நேர்த்துருவம்தான், ஆனால் கோடு சீராக ஓடி ஆற்றுப்பள்ளத்தில் இறங்கி ஏறும். வரப்பும் வாய்க்காலும்கூடச் சில இடங்களில் தெரியும். அணை கட்டும்போது எடுத்த சமமட்டக் கோட்டு வரைபடம் கிடைத்தால் அதனோடு பொருந்த வேண்டும். வாயு என்றால் தலைகீழ்த் துருவம். கோடு நிலத்தின் வடிவத்தைப் பின்பற்றாமல் அடுக்குகளைக் குறுக்கே வெட்டும், அல்லது அடித்தரைக்கு இணையாகவே ஓடும். விளிம்பு திடீரென்று முடியும்.

துருவம் பார்ப்பதில் ஒரு தடங்கல் வரும். மேலே படியும் குழம்புச்சேறு தண்ணீரைவிடச் சற்றே அடர்த்தியானது, அதன் எதிரொலி மெலிந்து துருவம் தெளிவில்லாமல் இருக்கும். அதனால்தான் அடித்தரையோடு ஒப்பிடாமல் கரைப்பாறைப் பதிவோடு ஒப்பிடச் சொன்னது.

ஆழக் கணக்கும் ஏமாற்றும். 1 மீட்டர் தடிமனான வாயுச்சேற்றை 400 மீட்டர் வேகத்தில் ஒலி போய்வர 5 மில்லிநொடி ஆகும். 1490 என்று கணக்கிட்டால் அது 3.7 மீட்டராகத் தெரியும். கீழே ஏதாவது அடுக்கு தப்பித் தெரிந்தாலும் அதன் ஆழம் 2.7 மீட்டர் கூடுதலாக வரும்.

ஆறாம் படி: நில அதிர்வு ஆய்வு

தண்ணீரில் பூமரோடு 24 ஹைட்ரோஃபோன் கொண்ட வடத்தை 1 மீட்டர் இடைவெளியில் இழுத்தால், 10, 15 மீட்டர் ஆழத்துக்கு ஒலிவேகத்தைத் தனியே கணக்கிடலாம். வேகம் சரிந்த பட்டை தெரிந்தால் அது வலுவான ஆதாரம். ஒற்றை ஹைட்ரோஃபோன் இதைத் தராது.

கோடையில் தண்ணீர் விலகிய கரையில் சம்மட்டி அடித்து, ஜியோஃபோன் (நில அதிர்வை உணரும் கருவி) வைத்தும் அளக்கலாம். 8 கிலோ சம்மட்டி, இரும்புத் தட்டு, 1 மீட்டர் இடைவெளியில் 24 ஜியோஃபோன். இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. முதலாவது, அடுக்கின் எல்லையில் வளைந்து திரும்பி வரும் அலையை அளக்கும் விலகல் அலை முறை, வேகம் ஆழத்தோடு கூடினால்தான் வேலை செய்யும். வேகம் குறைந்த வாயுப் பட்டை அதில் தெரியவே தெரியாது, கீழுள்ள பாறையின் ஆழத்தையும் கூட்டிக் காட்டும். இரண்டாவது, காய்ந்து வெடித்த சேற்றுக்குள் காற்று புகுந்திருக்கும். நொடிக்கு 300, 400 மீட்டர் வேகம் அங்கே மீத்தேனைக் காட்டவில்லை. நீர் விளிம்பை ஒட்டி, முழுதும் ஈரம் ஏறிய சேற்றில் மட்டுமே அளவிடுங்கள்.

நெருக்கு அலையோடு (மண்ணை முன்னும் பின்னும் அமுக்கி ஓடுவது) குறுக்கலையையும் (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்து ஓடுவது) சேர்த்து அளப்பது நல்லது. மரப்பலகையின்மேல் ஆள் நின்று எடை கொடுக்க, அதன் பக்கவாட்டில் அடித்து, கிடைமட்ட ஜியோஃபோனில் பதிவு செய்ய வேண்டும். குறுக்கலை சேற்றின் எலும்புக்கூட்டில் மட்டும் ஓடும், துளைக்குள் இருப்பது நீரா வாயுவா என்பதை ஏறக்குறையப் பொருட்படுத்தாது. நெருக்கு அலை மட்டும் சரிந்து குறுக்கலை மாறாமல் இருந்தால் வாயு. இரண்டுமே குறைந்தால் வெறும் இளகிய சேறு. வாயு மூடிய இடத்துக்குக் கீழே பாறையின் ஆழத்தைப் பிடிக்கவும் குறுக்கலையே கைகொடுக்கும்.

ஏழாம் படி: கம்பியும் குழாயும்

ஆழம் குறைந்த இடத்தில் 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பியைத் திருகு இணைப்போடு இறக்கிப் பாருங்கள். நுனியில் ஒரு காடி வெட்டி கிரீஸ் அடைத்துவிடுங்கள். திரையில் "பாறை" என்று தெரிந்த ஆழத்தைக் கம்பி வழுக்கிக்கொண்டு கடந்து, கூடவே குமிழி பொங்கினால் அது வாயு மட்டம்தான். செம்மண் தரையில் கம்பி மெல்ல இறுகி நிற்கும், கிரீஸில் சிவப்பு மண் ஒட்டி வரும். பாறையில் சட்டென்று நின்று, அதிர்வு கைக்கு ஏறும். 1776-இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா மஜ்ஜோரே ஏரிக்கரைச் சேற்றைக் கிளறி மீத்தேனைச் சேகரித்ததும் இந்த வழியில்தான்.

மாதிரிக்கு 6, 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள தெளிந்த அக்ரிலிக் குழாய். பக்கத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு துளையிட்டு டேப் ஒட்டியிருக்க வேண்டும். மேலே வந்த சில நிமிடங்களுக்குள், நுனி வெட்டிய சிரிஞ்சால் 3 மில்லிலிட்டர் சேறு எடுத்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் உள்ள 20 மில்லிலிட்டர் குப்பியில் போட்டு, உடனே மூடி இறுக்கிக் குலுக்கி, தலைகீழாக வையுங்கள். தாமதித்தால் வாயு போய்விடும். சேறு குழாய்க்குள் பிளந்து வாய்வழி பிதுங்கினால் அதையும் படம் எடுத்துக் குறியுங்கள், அதுவும் ஆதாரம்தான். ஆய்வகத்தில் வாயு நிறப்பிரிகைக் கருவியில் (கேஸ் குரோமட்டோகிராஃப்) மீத்தேன் அளவு வரும். சேறு போடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் தீப்பிடிக்கும். பெட்ரோல் எஞ்சினுக்கு அருகில் மாதிரிக் குழாயைத் திறக்காதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் திடீரென்று அடங்கினால் காற்று சுத்தமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஹைட்ரஜன் சல்பைடு மூக்கை மரத்துப்போகச் செய்யும். படகைக் காற்று வரும் திசைக்கு நகர்த்துங்கள்.

எட்டாம் படி: வரைபடம்

ஒவ்வொரு வாயுப் பரப்புக்கும் மூன்று நிலைகளில் ஒன்றைக் கொடுங்கள். மறைப்பு மட்டும் தெரிந்தால் சந்தேகம். அதோடு தலைகீழ்த் துருவமோ, வேகச் சரிவோ, நீர்மட்டத்தோடு நகரும் கோடோ சேர்ந்தால் வாய்ப்பு அதிகம். கம்பியோ குப்பியோ காட்டினால் மட்டுமே உறுதி. வாயுவின் மேல்மட்ட ஆழத்தோடு அளந்த தேதியையும் அன்றைய அணை மட்டத்தையும் அடியில் எழுதுங்கள். நீர்மட்டம் தெரியாத வாயு ஆழத்தை அடுத்து வருபவர் எதனோடும் ஒப்பிட முடியாது.

வண்டல் கன அளவைக் கணக்கிடும்போது வாயு மூடிய பரப்புகளில் ஒலிப்பதிவின் தடிமனை எடுக்காதீர்கள். அங்கே அணை கட்டும் முன்பு எடுத்த தரைமட்டத்துக்கும் இன்றைய அடித்தரைக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். அந்தப் பழைய வரைபடம் இல்லாத இடத்தில் கம்பி அளவும் குறுக்கலை அளவும் மட்டுமே. இரண்டுமே இல்லாத பரப்பை வரைபடத்தில் கோடிட்டு, "தடிமன் அளக்கப்படவில்லை" என்று எழுதி வெறுமையாகவே விடுங்கள்.